ஊர் பழகாத கருவி

தோட்டவெளி,
மன்னார்.
ஒக்டோபர், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள சுகந்தன்,

இங்கே எல்லாரும் சுகம். உங்கள் பக்கம் குளிர் எப்படி என்று கேட்டு எழுதவேண்டிய அவசியம் எனக்கு இல்லை. இன்று விடிய உங்கள் முகாமில் பதினான்கு பாகை. காற்று வடமேற்கிலிருந்து, மெதுவாக. கணவன் இருக்கிற இடத்தின் குளிரைச் சம்பளம் வாங்கிக்கொண்டு பார்க்கிற மனைவி இந்த மாவட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனால் நீங்கள் ஒரு போர்வை போட்டீர்களா, இரண்டா என்பதை எந்தக் கருவியும் எனக்கு அனுப்புவதில்லை. அதற்குத்தான் கடிதம்.

நாளை காலை பேதுரு அண்ணன் புதிய பற்றரிகளையும் வாயுச் சிலிண்டர்களையும் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு மாத்தளைக்கு வெளிக்கிடுகிறார். இதை அவருடைய கையில் கொடுத்துவிடுகிறேன். தொலைபேசியில் சொல்லக்கூடாதா என்று கேட்காதீர்கள். முகாமில் இருக்கிற ஒரே செய்மதித் தொலைபேசியைச் சமையல் கூடாரத்தின் நடுவில் ஒலிபெருக்கியோடு வைத்திருக்கிறீர்கள். அதில் காற்றின் வேகத்தைச் சொல்லலாம். வேறென்ன சொல்வது?

அப்பா புழுதியில் விதைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நறுவிலிக்குளத்துக்குப் போனபோது வயல் கரையிலேயே என்னை மறித்தார். "மலைக்கு மழை பாத்துக் குடுக்கிறாய். பெத்த அப்பன்ரை வயலுக்கு ஆர் பாக்கிறது?" என்றார். ஒரு கிழமைக்குள் மழை வரும் என்றேன். "போன வருசமும் உங்கடை கந்தோர் இதைத்தான் சொன்னது" என்று சொல்லிவிட்டு வாய்க்காலைப் பார்க்கப் போய்விட்டார். இந்த முறை வரும். வந்தால், தானே கணித்ததுபோல ஊரெல்லாம் சொல்வார்.

தைமாதக் கலியாணத்துக்கு உங்கள் பக்கத்திலிருந்து எத்தனை பேர் என்று அம்மா கேட்கிறார். நான் மோதிரத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிவதும் அவருக்குப் பெரிய கவலை. ஆவணியில் பதிவாளருக்கு முன்னால் எழுத்து முடித்த பிள்ளை வெறும் விரலோடு வேலைக்குப் போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்கிறார். பார்க்கிறவர்கள் ஒன்றும் நினைக்கக்கூடாது என்பதற்காகத்தான் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கு என் குணம் தெரியும். என்னுடைய காரியங்கள் மற்றவர்களுடைய மேசையில் கிடப்பது எனக்குப் பிடிக்காது. ஆனால் இந்த முறை அந்தக் குணம் என்னை ஒரு பிழையான இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

எங்கள் வானிலை நிலையத்து அறையில் தொலைபேசிக்கு முன்னால் ஒரு கதிரை இருக்கிறது. அதில் இருப்பவர்தான் அன்றைக்கு நீங்கள் முகட்டுக்கு ஏறலாமா, எப்போது இறங்கவேண்டும் என்று சொல்வார். அவர் இறங்கச் சொன்னால் உங்கள் குழுவை நடத்துகிற பேராசிரியரும் மறுக்கமுடியாது. என்னோடு மாறி மாறி அதில் இருக்கிற றிம்ஷா அதைத் தீர்ப்புக் கதிரை என்பாள். மலையில் தன் சொந்த ஆள் இருப்பவர் அந்தக் கதிரையில் இருக்கக்கூடாது என்பது ஒழுங்கு. சித்திரையில் அந்த ஒழுங்குக்குக் கையெழுத்து வைத்தபோது நீங்கள் எனக்குப் பல்கலைக்கழகத்தில் மூத்த ஒருவர், அவ்வளவுதான். மனதில் வேறாக இருந்தாலும் அதைக் கேட்க அந்தத் தாளில் இடம் இருக்கவில்லை. ஆவணிக்குப் பிறகு நான் போய்ச் சொல்லியிருக்கவேண்டும். சாதாரண மழைநாட்கள்தானே என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை சாதாரண நாள் இல்லை. அன்றைக்குத்தான் உங்கள் முகட்டுக்கு மேலே இடிமுகில் எழும்பும்போல இருக்கிறது.

மழை எப்போது விடும் என்றுதான் எல்லாரும் எங்களிடம் கேட்கிறார்கள். நீங்கள் ஆறு பேர் மட்டும் இடிமுகில் எப்போது பிறக்கும் என்று கேட்கிறீர்கள். அது பிறக்கிற இடத்திலேயே போய் நிற்பதற்காக. முகட்டிலிருந்து கயிற்றில் கட்டிய பலூனை மேலே விட்டு, முகில் உருவாகிற முதல் மணித்தியாலத்தை அளந்து, மின்னலுக்கு முன் அதையும் இறக்கி நீங்களும் இறங்கவேண்டும். பிந்தினால் நனைந்த கயிறு கையில் இருக்கும்போதே மின்னல் வந்துவிடும். முந்தினால் அளவு கிடைக்காது. கிடைக்காவிட்டால் உங்கள் ஆய்வுக்கு இன்னொரு வருடம். இதை நீங்களே எனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறீர்கள். நான் எழுதுவது, இது எனக்கும் விளங்கியிருக்கிறது என்று நீங்கள் அறியவேண்டும் என்பதற்காக.

வியாழன் கதிரை என்னுடைய முறை. நேற்று உட்கார்ந்து அன்றைக்குரிய வரைபடங்களைப் பார்த்தேன். மத்தியானத்துக்குப் பிறகு மீண்டும் பார்த்தேன். வீட்டுக்குப் போகமுதல் இன்னொருமுறை. ஒவ்வொரு தரமும் நீங்கள் இறங்கவேண்டிய நேரம் கொஞ்சம் முந்தி வந்துகொண்டிருந்தது. வரைபடங்கள் மாறவில்லை. மாறிக்கொண்டிருந்தது நான்.

இன்று காலை கதவைச் சாத்திவிட்டு றிம்ஷாவிடம் சொன்னேன். ஏதோ களவைச் சொல்வதுபோல. அவள் சிரித்த சிரிப்பில் முற்றத்தில் நின்ற கழுதைகள் திரும்பிப் பார்த்திருக்கும். "அடி, இதுக்கே கதவைச் சாத்தினாய்? எனக்கு எப்பவோ தெரியும்" என்றாள். எப்படி என்றேன். "பின்னேரம் மலையிலையிருந்து அவர் ரெலிபோனிலை அளவு வாசிக்கத் தொடங்கினவுடனை நீ எழும்பிப் போய்த் தண்ணி குடிக்கிறாய். ஒவ்வொரு நாளும் சொல்லி வைச்ச மாதிரி ஒரு மனுசிக்கு அந்த நேரத்திலை தாகம் வருமா?" பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "தெரிஞ்சும் நான் வாய் திறக்காமல் இருந்தது என்ரை பிழை. வியாழன் கதிரையிலை நான் இருக்கிறன். நீ இங்கத்தைப் பலூனைப் பார். போதும்."

அப்படியே முடிவாகிவிட்டது. மன்னாருக்கு மேலே விடியற்காலை இருக்கிற ஈரம்தான் பகலில் உங்கள் மலையில் போய் முட்டும். நான் வியாழன் விடிய இங்கேயிருந்து பலூன் விட்டு அதை அளந்து கொடுப்பேன். அதை வைத்து அவள் நேரம் சொல்வாள். இப்போதைக்கு அவளுடைய கணிப்பு, முகில் பின்னேரம்தான் எழும்பும் என்பது.

என் மனதிலும் ஒரு நேரம் இருக்கிறது. அதை இங்கே எழுதவில்லை. எழுதுவதற்கு ஒரு வரி போதும். இந்தக் கடிதம் நாளை பின்னேரமே உங்கள் கையில் இருக்கும். மற்ற ஐந்து பேருக்கும் இப்படி எழுத அறையில் யாரும் இல்லை. அவர்களுக்கு இல்லாத எச்சரிக்கை உங்கள் சட்டைப் பைக்குள் இருந்தால், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது நீங்கள் யாருடைய ஆளாக நிற்பீர்கள்? இதற்குமேல் யோசித்தால் எழுதிவிடுவேன்.

றிம்ஷா சொல்லும்போது இறங்குங்கள். என்னை நினைத்து முந்தவும் வேண்டாம், வேலையை நினைத்துப் பிந்தவும் வேண்டாம். சப்பாத்து ஈரமென்றால் பேதுரு அண்ணனிடம் ஒரு சோடி கொடுத்துவிடுகிறேன். பருத்தித்துறை வடையும் இருக்கிறது, எல்லாருக்குமாக. நீங்கள் நிற்கிற மலையும் உங்களோடு நிற்பவர்களும் நல்லாயிருக்க.

உங்கள்
தனுசியா


தோட்டவெளி,
மன்னார்.
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள சுகந்தன்,

நேற்றுப் பின்னேரம் அளவுகளை வேறு ஒருவர் வாசித்தார். முதல் எண்ணிலேயே தெரிந்துவிட்டது. நான் எழுந்து போகவில்லை. கடைசிவரை இருந்து கேட்டேன். றிம்ஷா என்னைப் பார்க்காமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை தொலைபேசியில் எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னதை உங்களுக்குத் தனியாக, ஆறுதலாக, அவசரமில்லாமல் சொல்லவேண்டும். ஒலிபெருக்கியில் என் குரல் எப்படிக் கேட்டதோ தெரியாது. அவசர அவசரமாகச் சொல்லி முடித்தேன் என்று மட்டும் ஞாபகம் இருக்கிறது.

பலூனில் கட்டுகிற கருவியை நாங்கள் குளிரூட்டிய அறையில் வைத்திருக்கிறோம். இங்கத்தைய வெக்கையும் உப்புக்காற்றும் அதற்கு ஆகாது. அறையிலிருந்து எடுத்தவுடன் அதை மேலே விடக்கூடாது. வேப்பமரத்து நிழலில் தொங்கவிட்டு, வெளிக்காற்றுக்குப் பழகவிட்டுத்தான் விடவேண்டும். ஊர் பழக்குகிறது என்று இங்கே சொல்வோம். புதிதாய்ச் சேர்ந்தவர்களுக்கு முதல் நாளே அதைத்தான் சொல்லிக் கொடுப்போம். நானே எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

வியாழன் விடிய நான் எல்லாருக்கும் முதல் வந்தேன். கதவு திறந்து கிடந்து கழுதைகள் முற்றத்துக்குள் வந்திருந்தன. அவற்றைக் கலைத்து, பலூனுக்கு வாயு நிரப்பினேன். கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. மனதில் ஒன்றே ஒன்றுதான்: றிம்ஷா கதிரையில் வந்து இருக்கும்போது ஈரத்தின் அளவு அவளுடைய மேசையில் இருக்கவேண்டும். எவ்வளவு முந்திக் கிடைக்கிறதோ அவ்வளவு முந்தி அவள் உங்களுக்குச் சொல்லலாம். கருவியை எடுத்தேன், கட்டினேன், விட்டேன். பலூன் கரையோரக் காற்றாலைகளின் பக்கமாகச் சாய்ந்து மேலே போனதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, சத்தியமாக, நல்ல வேலை செய்தேன் என்றுதான் நினைத்தேன்.

அளவு வந்தது. கீழ்க்காற்று முழுக்க ஈரம், பிழிந்தால் சொட்டும் என்கிற அளவுக்கு. றிம்ஷா நெற்றியைச் சுருக்கினாள். "இவ்வளவு ஈரமெண்டால் பின்னேரம் மட்டும் நிக்காது. மத்தியானமே எழும்பிடும்" என்றாள். மத்தியானம். அதுதான் உங்களுக்கு எழுதாமல் விட்ட என்னுடைய நேரம். எனக்குள் ஏதோ இளகி விழுந்தது. இரண்டு பேரும் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்திருக்கிறோம், ஆகவே அது பயம் இல்லை, கணிப்புத்தான் என்று நினைத்தேன். பதினொரு மணிக்கு முகட்டில் ஒருவரும் இருக்கக்கூடாது என்று அவள் சொன்னாள். நீங்கள் இறங்கினீர்கள்.

பிறகு நடந்தது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மத்தியானம் வெயில். ஒரு மணிக்கும் வெயில். நீங்கள் ஆறு பேரும் கீழே முகாமில் நின்று, ஒருவரும் இல்லாத முகட்டுக்கு மேலே, றிம்ஷா முதலில் சொன்ன அதே பின்னேரத்தில், அந்த முகில் ஆறுதலாகப் பிறந்து வளர்வதைப் பார்த்திருக்கிறீர்கள். இரண்டு மூன்று இடி, அதுவும் மலைக்கு அந்தப் பக்கம். அன்று பின்னேரம் நீங்கள் அளவு வாசித்தபோது, "முகட்டில் அளவு இல்லை" என்ற வரியையும் மற்ற வரிகளைப்போலவே வாசித்தீர்கள். ஏற்ற இறக்கம் இல்லாமல். நீங்கள் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

வெள்ளி விடிய வழமைபோலக் கருவியை எடுத்துக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்தேன். என் மூக்குக் கண்ணாடி மங்கியது. ஒவ்வொரு நாளும் மங்குகிறதுதான். துடைப்பதற்காகக் கருவியை மற்றக் கைக்கு மாற்றியபோது அதன் ஈரமானியையும் பார்த்தேன். அதுவும் என் கண்ணாடியைப் போலவே மங்கி, வியர்த்திருந்தது. வியாழன் மேலே போன கருவி அளந்தது மன்னார்க் காற்றின் ஈரத்தை இல்லை. தன் மேல் படிந்த ஈரத்தை. நான் அதை ஊர் பழகவிடாததால் படிந்த ஈரத்தை.

உள்ளே போய் வியாழனின் அளவைத் தரைக்கருவியின் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். றிம்ஷா வந்தவுடன் காட்டினேன். இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில், "கதிரையாலை எழும்பினாய் எண்டு நான் நினைச்சன். நீ எழும்பிப் போய்ப் பலூனிலை ஏறி இருந்திருக்கிறாய்" என்றாள்.

அதைவிடச் சரியாக ஒருவரும் சொல்லமுடியாது. என்னை நான் மேசையிலிருந்து விலக்கிவிட்டேன் என்று பெருமைப்பட்டேன். வாயை மூடினேன், உங்களுக்கு எழுத இருந்த வரியையும் மறித்தேன். கையை மறிக்க மறந்துவிட்டேன்.

றிம்ஷா பிறகு, தரைக்கருவியைப் பார்க்காமல் விட்டது தன் பிழை என்றாள். கோபமும் அழுகையுமாக, "உன்ரை பங்கை நீ வைச்சிரு, என்ரை பங்கை எனக்குத் தா" என்றாள். இருவரும் சேர்ந்து, அந்த அளவைப் பாவிக்கவேண்டாம் என்று எல்லா இடத்துக்கும் அறிவித்தோம். பின்னேரம் தொலைபேசியில் நான்தான் சொல்வேன் என்றேன். காரணத்தையும் சொல்லவேண்டியிருந்தது. இருபத்தெட்டு வயதுவரை வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாமல் காப்பாற்றி வைத்திருந்த என் சொந்தக் காரியத்தை ஒரு சமையல் கூடாரத்துக்கே ஒலிபெருக்கியில் சொன்னேன். மேலே என் மனுசன் நிற்கிறார், அந்த அவசரத்தில்தான் பிழை விட்டேன் என்று. யாரோ தட்டத்தைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. பேராசிரியர், "விளங்குது பிள்ளை, சரி" என்றார். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது காற்று வடகிழக்குக்குத் திரும்பிவிட்டது. இனி இந்தப் பருவத்தில் மன்னாரின் காற்று உங்கள் மலைக்கு வராது. இன்னொரு வியாழக்கிழமையைத் தேடி வரைபடங்களை எல்லாம் புரட்டிப் பார்த்தேன். இல்லை. அப்பாவின் வயலுக்கு மட்டும் நேற்று நல்ல மழை. முளை சீராக வரும் என்று சந்தோசமாகத் தொலைபேசி எடுத்துச் சொன்னார். நானும் சந்தோசமாகத்தான் கேட்டேன்.

நான் வாசித்த கதைகளில் எச்சரிக்கை சொல்பவர்கள் எப்போதும் சரியாகவே சொல்கிறார்கள். மற்றவர்கள்தான் கேட்காமல் அழிந்துபோகிறார்கள். எச்சரிக்கையைக் கேட்டு நடந்து, அதனாலேயே வெறுங்கையோடு திரும்பிய மனிதர்களைப் பற்றி ஒருவரும் எழுதியதாக ஞாபகம் இல்லை. அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், அதனால் அதில் கதை இல்லை என்று நினைத்திருக்கவேண்டும்.

மன்னிப்புக் கேட்கவேண்டியவர்களிடம் எல்லாம் கேட்டுவிட்டேன். பேராசிரியரிடம், உங்களோடு நின்ற மற்ற நான்கு பேரிடம், றிம்ஷாவிடம். உங்களிடம் கேட்கத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். மூன்று பக்கம் எழுதியும் அந்த வரி வரவில்லை. உங்களுடைய ஒரு வருடத்தை அழித்துவிட்டேன். அது எனக்குத் தெரியும். அதற்காகப் படுக்கவும் முடியவில்லை. ஆனால் நீங்கள் இறங்கி வந்ததற்காக வருந்துகிறேன் என்று எழுதப் பேனையை வைத்தால், அது பொய்யாய்ப் போகிறது. உங்களுக்குப் பொய் எழுத எனக்கு வராது.

அடுத்த ஐப்பசியில் நீங்கள் மறுபடியும் அந்த முகட்டுக்குப் போகத்தான் போகிறீர்கள். போகாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். என் அவசரத்தால் நான் எனக்குச் சம்பாதித்தது இதுதான், இன்னொரு தரம் நீங்கள் அங்கே நிற்பதை இங்கே இருந்து பார்ப்பது. அப்போது நான் இந்த அறையில் இருக்கமாட்டேன். அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், மலையோடு சம்பந்தமில்லாத கடல் எதிர்வுகூறலுக்கு மாற்றச் சொல்லி. உங்களுக்காகச் செய்ய ஒரு வேலையும் இல்லாமல் சும்மா இருப்பது எப்படி என்று மற்றப் பெண்களிடம் கேட்டுப் பழகவேண்டும்.

பேதுரு அண்ணன் இன்று முகாம் சாமான்களை ஏற்ற வருகிறார். செவ்வாய்க்கிழமை திரும்புவார். முன் ஆசனத்தை வெறுமையாக வைத்திருக்கச் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. உங்கள் முகாமில் இருந்து அவருக்கும் செய்தி வந்திருக்கும்.

கோபம் ஆறட்டும், பிறகு போகலாம் என்று அங்கேயே இருந்துவிடாதேயுங்கோ. ஆறவேண்டாம். இங்கே வந்து என் முகத்தைப் பார்த்துக் கோபப்படுங்கோ, எத்தனை நாளைக்கு வேண்டுமானாலும். கோபப்படுகிறதற்கு ஆள் வந்தால் போதும். வாங்கோ.

உங்கள்
தனுசியா